காணாமல் போன செப்டிக் டேங்க்

தாத்தா வீட்டு வேலை போன வாரம் நின்றுவிட்டது. பணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். பணம் முதலிலிருந்தே இல்லை, அதனால் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. செப்டிக் டேங்க்கைக் காணோம்.

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் இருக்கிற வீடு அது. செங்கால் மரத்தில் கட்டியது, கரையான் கடித்துப் பார்த்துப் பல் உடைந்து போன வீடு. அடுப்படியில் மட்டும் பின்னாளில் மலிவுப் பலகை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். பல் போன கரையானெல்லாம் அங்கே வந்து வயிறாறச் சாப்பிட்டிருக்கிறது. அதை இடித்துக் கட்டும்போதே உள்ளே ஒரு கக்கூஸும் வைத்துவிடலாம் என்பது அம்மாவின் ஏற்பாடு. ராத்திரியில் டார்ச்சு எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடக்கிற வயது தாண்டிவிட்டதாம்.

கொந்திராக்டர் தம்பி எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணே" சொன்னார். கொல்லைக் கக்கூஸை முதல் நாளே இடித்து, லோரியில் ஏற்றி அனுப்பி, இடத்தைச் சமப்படுத்தி, மேலே கல்லும் கொட்டினார். அப்புறம்தான் கேட்டார், "தொட்டி எங்கண்ணே இருக்கு?"

இந்தக் கேள்வியைக் குடும்ப வாட்சப் குழுவில் போடாமல் இருந்திருக்கலாம். அப்பா போட்டார்.

பெரியப்பா மறுநாளே ஆயர் ஈத்தாமிலிருந்து கிளம்பி, துன் சார்டோன் சாலை வளைவுகளில் எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். வழியில் லக்சா சாப்பிட்டுப் பசியாறிவிட்டுத்தான் வந்தார், அவசரம் என்றாலும் அதற்கு நேரம் உண்டு. நேரே ஜாதிக்காய் மரத்தடிக்குப் போய்க் காலால் ஒரு கோடு கிழித்தார். "இங்கதான். நான் பிறந்து வளர்ந்த வீடுடா."

கிள்ளானிலிருந்து அத்தை வீடியோவில் வந்தார். அவருக்கு வாழைத்தோப்புப் பக்கம். சாட்சியும் இருந்தது: ஒருநாள் ராத்திரி அங்கே போகும்போது சாரைப்பாம்பைப் பார்த்து ஓடியது. "அந்தப் பாம்ப நான் மறப்பேனா?" நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தேன். "இன்னும் இடது, இன்னும் இடது, ஐயோ என்னடா வானத்தக் காட்டுற!" அப்பா இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தைக் காட்டினார். மூன்று பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

கொந்திராக்டருக்கு என்ன, குழிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு தோண்டச் சொல்லிவிட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் தண்ணீர்க்குழாய் உடைந்து, இந்தோனேசிய அண்ணன்மார் இருவரும் காலை வெயிலில் இலவசமாகக் குளித்தார்கள். ஜாதிக்காய் மரத்தடியில் தொட்டி இல்லை. ஆனால் மண் கன்னங்கரேல் என்று, கையில் பிடித்தால் உதிர்ந்தது. பெரியப்பா முகர்ந்து பார்த்து, "இது மண்ணா, தங்கம்!" என்று ஒரு சாக்கு நிறைய அள்ளிக் காடியில் ஏற்றினார். பெரியம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டிக்காம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா கடைசியில் அப்பேக்கை, நாங்கள் அப்படிக் கூப்பிடுகிற சீனப் பெரியவரை, வரச் சொன்னார். 1981இலிருந்து அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர், போன வருஷம்தான் மகன் வீட்டோடு பாயான் லெப்பாஸுக்குப் போனார். ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 1999ஆம் ஆண்டோடு முடிந்ததும் வீட்டுக்காரர்கள் இஷ்டத்துக்கு ஏற்றினார்களே, அப்போதும் இவரிடம் அப்பா ஏற்றவில்லை. நல்ல மனசு என்று ஊர் சொல்கிறது. போய்க் கேட்கச் சோம்பல் என்று அம்மா சொல்கிறார்.

அப்பேக் மோட்டார் சைக்கிளில் வந்தார். யாரையும் விசாரிக்கவில்லை. தண்ணீர்த்தொட்டிக்கும் ரம்புத்தான் மரத்துக்கும் நடுவே நின்று, செருப்புக்காலால் தரையைத் தட்டினார். ஒரு சாண் தோண்டியதும் சிமெண்டு மூடி.

பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. அது எப்படி, எங்களுக்குத் தெரியாமல்? அப்பேக் ஹொக்கியன் சீனத்தில் சொல்ல, அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களுக்குச் சொன்னார். "உங்க காலத்துல ஏது டேங்க்? வெறும் குழி. ரொம்பினா மூடிட்டு வேற இடத்துல தோண்டுவாங்க. இந்த டேங்க் 1989ல நான் கட்டினது."

அதாவது மூவர் சொன்னதும் சரிதான். பெரியப்பா சின்ன வயதில் ஜாதிக்காய் மரத்தடி, அத்தை காலத்தில் வாழைத்தோப்பு, கடைக்குட்டி அப்பா காலத்தில் மாட்டுக்கொட்டகை. பெரியப்பா மெதுவாகத் தன் காடியைத் திரும்பிப் பார்த்தார். மண்மூட்டை பின்சீட்டில் இருந்தது. பெரியம்மாவிடம் யாரும் சொல்லக்கூடாது என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. எழுதிவிட்டேனே என்று கவலைப்படாதீர்கள், பெரியம்மா இதையெல்லாம் படிப்பதில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்பேக் சட்டைப்பையிலிருந்து ஒரு 555 நோட்டை, கடன் கணக்கு எழுதுகிற அந்தச் சின்ன நோட்டை, எடுத்தார். அட்டை போய் ரப்பர் பேண்டு போட்டது. அந்த வீட்டில் மாற்றிய ஒவ்வொரு தகரம், ஒவ்வொரு தண்ணீர்ப் பீலி, கதவுக்கீல் எல்லாம் தேதியோடு சீனத்தில். ஒரு பக்கத்தில் தமிழில் அப்பாவின் கையெழுத்து: டேங்க் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதம். கழித்தது போக 60 வெள்ளி பாக்கி. அப்பா ரம்புத்தான் மரத்தில் ஏதோ காய்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பணத்தைக் கொடுத்தார். வேண்டாம் என்று கையை ஆட்டுவார் என்று எதிர்பார்த்தோம். எண்ணி வாங்கிக்கொண்டு, அந்த வரியை அடித்தார்.

இப்போது அவர் தினமும் வருகிறார். கொந்திராக்டர் எங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு அவரைக் கேட்கிறார். நான் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்த குளியலறை டைல்ஸைக் காலால் தேய்த்துப் பார்த்து, "உன் அம்மா வழுக்கி விழுவா" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே டைல்ஸ் திரும்பிப் போனது. அம்மா அவரைக் குடும்ப வாட்சப் குழுவில் சேர்த்துவிட்டார்.

அத்தை மட்டும் இன்னும் விடவில்லை. வாழைத்தோப்பில் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிப் பார்க்கச் சொல்கிறார்.