முந்திப் போனவளின் கையெழுத்து

ஜூலை 14, லீஹை கேப், பென்சில்வேனியா

இன்றும் கல்தான். அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே மெய்ன் வரை போகும் நடைபாதை அப்பலாச்சியன் பாதை. அதில் பென்சில்வேனியாவின் கற்களைப் பற்றி ஜார்ஜியாவிலேயே பயமுறுத்த ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கூர்முனை மேலே வரும்படி யாரோ பார்த்துப் பார்த்து நட்ட மாதிரி மைல் கணக்கில் கிடக்கின்றன. பார்வையைத் தரையை விட்டு எடுக்க முடியவில்லை. ஊன்றுகோலின் முனை இடுக்கில் மாட்டிக்கொண்டால் நின்று, குனிந்து, பிடுங்கிவிட்டுத்தான் அடுத்த அடி. பெரியவர் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பனியுகத்தில் பனிப்பாறையின் விளிம்புக்குச் சற்றுத் தெற்கே இருந்த மலை இது, விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து உறைந்தே பாறையைப் பிளந்துவிட்டது என்றார். காரணம் தெரிந்த பிறகு கல்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

மூவரும் சேர்ந்து நடக்கிறோம் என்று எழுதுகிறேனே தவிர, பகலில் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். பெரியவர் ஐந்து மணிக்கே நெற்றிவிளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஆறரைக்கு. தோழி எட்டு மணிக்கு மேல்தான் புறப்படுவாள், ஆனால் மதியத்துக்குள் எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விடுவாள். (பாதையில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர்களுடையதை இங்கே போடவில்லை. தோழி, பெரியவர், அவ்வளவு போதும்.) தாண்டும்போது "தண்ணி இருக்கா?" என்பாள். "இருக்கு" என்பேன். அத்தோடு சரி.

சேர்வது மாலையில். மூன்று பக்கம் சுவரும் முன்பக்கம் திறப்புமாக இருக்கும் மரக்கொட்டகைக்கு முதலில் போய்ச் சேர்பவள் அவள்தான். ஆனாலும் நாங்கள் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். ஏன் இப்படிப் பசியோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "யாராவது வரலைன்னா நான்தானே திரும்பி நடக்கணும்? வயிறு நிறைஞ்சா கால் வராது" என்றாள். மருத்துவமனையில் இரவுப்பணி பார்த்த செவிலி அவள். யார் எங்கே, எத்தனை மணிக்கு என்று கணக்கு வைத்துக்கொள்வது கையோடு வந்துவிட்டது.

நாளைக்கு ஏறப்போகும் சரிவில் பச்சையே குறைவு. பல பத்தாண்டுகள் துத்தநாகம் உருக்கிய புகையில் மரமெல்லாம் செத்துப்போன மலை. அந்தப் பக்கத்து ஊற்றுகளை நம்பாமல் இங்கேயே நாலு லிட்டர் பிடித்துக்கொண்டோம்.

ஜூலை 27, பேர் மவுண்டன், நியூயார்க்

பாதை ஒரு மிருகக்காட்சி சாலைக்குள் நுழைந்து போகிறது. நாலு மாதமாகக் காட்டில் கரடிக்குப் பயந்து சாப்பாட்டு மூட்டையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டவர்கள், இங்கே கூண்டுக்குள் இருக்கும் கரடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் மொத்தப் பாதையிலும் தாழ்ந்த இடம், கடல் மட்டத்திலிருந்து 124 அடி. இப்படியொரு பாதை வேண்டும் என்று பென்டன் மெக்கை 1921-ல் சொன்ன யோசனைக்கு முதலில் கால் முளைத்ததும் இந்த வட்டாரத்தில்தான். 1923-ல் திறந்த முதல் பகுதி இது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை முழுதாக இணைய 1937 ஆனது. வழிகாட்ட மரத்தில் தீட்டியிருந்த வெள்ளை வண்ணப் பட்டையைப் பெரியவர் தொட்டுப் பார்த்தார். இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், இவ்வளவு தூரம் எங்களை இழுத்து வந்தது அதுதான்.

ஒரு வாரமாக உண்ணி தொல்லை. இங்கே மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரும். எள்ளளவுதான் இருக்கும், நம் கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சடங்கு. திரும்பி உட்கார்ந்து முடியை ஒதுக்கினால், தோழி விளக்கடித்துப் பிடரி, காதுமடல், முழங்கால் மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அப்புறம் அவளுக்கு நான். பெரியவருக்கு முதலில் கூச்சம். இப்போது கூப்பிடுமுன்னே சட்டைக் காலரை இறக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். பல நாள் குளிக்காத கழுத்தை இன்னொருவர் கையில் முகச்சுளிப்பு பற்றிய நினைப்பே இல்லாமல் கொடுப்பது வெளியுலகில் எனக்கு வாய்த்ததில்லை.

ஆகஸ்ட் 15, ஹானோவர், நியூ ஹாம்ப்ஷயர்

ஜீரோ. அதாவது ஒரு மைல்கூட நடக்காத நாள். வெர்மாண்ட் சேறு ஷூவோடு வந்தது. கனெக்டிகட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது, பட்டைகள் மரத்தை விட்டு விளக்குக் கம்பங்களுக்கு வந்துவிடுகின்றன. கல்லூரி மாணவர்கள் நடக்கும் அதே நடைபாதைதான் இங்கே பாதை.

துணி துவைக்கும் கடையில் மழைக்கோட்டும் மழைக்கால்சட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். மிச்சம் எல்லாம் இயந்திரத்துக்குள். அங்கேதான் தோழி சொன்னாள். செப்டம்பர் 18-ல் புது வேலையில் சேர வேண்டும். பாதை முடியும் கட்டாடின் உச்சிக்கு இன்னும் நானூற்று நாற்பது மைல். வெள்ளை மலைகளுக்குள் போனபின் எங்கள் வேகத்தில் வந்தால் முடியாது.

யாரும் உடனே எதுவும் பேசவில்லை. "அவரவர் நடை அவரவருக்கு" என்பது பாதையில் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. எனக்கு அதில் அரைச் சம்மதம்தான். தன் வேகத்தை விட்டுக்கொடுக்காதே என்ற அளவில் சரி. ஆனால் ஜூலை முழுக்க அவள் நாளைக்கு நாலைந்து மைல் எங்களுக்காகக் குறைத்துக்கொண்டிருக்கிறாள், அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த மைல்களைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறாள். கொடுக்க வேண்டியதுதானே.

பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கொட்டகைக் குறிப்பேட்டில் எழுதுவாயா?"

"எல்லாக் கொட்டகையிலும்" என்றாள்.

ஆகஸ்ட் 20, மூசிலாக் மலை

4,802 அடி. வடக்கே வருபவர்களுக்கு மரம் வளராத உயரம் முதன்முதலில் முழுசாக வருவது இங்கேதான். காற்றில் பேச்சு கேட்கவில்லை. உச்சியில் மூவரும் ஒரு டார்ட்டில்லாவைப் பிய்த்துப் பீனட் பட்டர் தடவிச் சாப்பிட்டோம். தோழி என் பையின் தோள்பட்டையை இழுத்துச் சரிசெய்தாள், பெரியவரின் முழங்கால் பட்டையைக் கழற்றி மறுபடி கட்டினாள். பிறகு அருவியை ஒட்டிய செங்குத்து இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டாள். பத்து நிமிடத்தில் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 24, கார்ஃபீல்ட் ரிட்ஜ்

கொட்டகைக் குறிப்பேடு என்பது ஒரு சாதாரண நோட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு பேனாவோடு. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. யாராவது காணாமல் போனால் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள். பெரும்பாலானவர்கள் பெயரும் தேதியும் ஒரு வேடிக்கை வரியும் எழுதிவிட்டுப் போவார்கள். தோழி எழுதியிருந்தது 22-ம் தேதி, சின்னச் சின்ன எழுத்தில், பக்கத்தின் ஓரத்தோடு நெருக்கி:

"இங்கிருந்து இறங்குற வழி ஒரு ஓடை. பாதைன்னு நினைச்சுக் கால் வைக்காதீங்க. ஊன்றுகோலை மடக்கிப் பையில வைங்க, உட்கார்ந்து கையால இறங்குங்க. பெரியவருக்கு இடது முழங்கால். இடது பக்கம் பிடிக்க வேர் இருக்கு, நான் இழுத்துப் பார்த்தேன், தாங்கும்."

காலையில் அந்த இறக்கத்தில் பாறைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேர் இருந்தது. தாங்கியது.

ஆகஸ்ட் 28, லேக்ஸ் ஆஃப் த கிளவுட்ஸ்

மலைவிடுதி. காசு கொடுத்துத் தங்குபவர்களுக்குத்தான் படுக்கை. எங்களைப் போல முழுப்பாதை நடப்பவர்களில் சிலரை வேலைக்கு ஈடாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியவர் சாப்பாட்டுக் கூடத்தைப் பெருக்கினார், நான் அண்டா தேய்த்தேன். விருந்தினர் சாப்பிட்டு மிஞ்சிய சூப்பும் ரொட்டியும் எங்களுக்கு. எவ்வளவு என்று கேட்காதீர்கள். இந்தப் பசிக்கு அடிமட்டமே கிடையாது. விளக்கணைத்ததும் மேசைகளுக்கு நடுவே தரையில் பாயை விரித்தோம்.

வாஷிங்டன் மலையின் உச்சி தலைக்கு மேலேயே இருக்கிறது. 1934-ல் மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவான இடம். இன்று வெறும் மேகம். தோழி எழுதியது ஒரே வரி: "மேல வண்டியில வந்தவங்க கூட்டம் இருக்கும், படத்துக்கு வரிசையில நிக்காம வடக்கே நடங்க, அங்கதான் மலை." அவள் சொன்னபடியே செய்வதாக இருக்கிறோம்.

செப்டம்பர் 5, ஃபுல் கூஸ் கொட்டகை, மெய்ன்

அடுத்தது மகூசக் நாட்ச். இரு செங்குத்துச் சுவருக்கு நடுவே ஒரு மைல் நீளத்துக்கு வீடளவு பாறைகள் உருண்டு அடைத்துக் கிடக்கும். மொத்தப் பாதையிலும் கடினமான மைல் என்று பெயர். எதிர்த்திசையில் வந்தவர்களைக் கேட்டு, ஆகஸ்ட் 30 தேதியிட்டு அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். பையைக் கழற்றி முன்னால் தள்ள வேண்டிய துளைகள் எவை, எந்தப் பாறையைச் சுற்றாமல் ஏற வேண்டும், எங்கே கீழே குளிர்ந்த காற்று வந்தால் எட்டிப் பார்க்கலாம், கோடையிலும் பனிக்கட்டி மிச்சம் இருக்கும் என்பதுவரை. கடைசியில் அடிக்கோடிட்டு: "மழையில பெரியவரை உள்ள விடாதீங்க."

கூரையில் மழை. பெரியவர் அதை ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார், பையிலிருந்து ஸ்லீப்பிங் பேகை வெளியே எடுத்தார். மெய்னில் சாப்பாடு எண்ணி எடுத்துவரும் நேரத்தில் ஒரு நாள் உட்காருவது சின்ன விஷயமில்லை. எனக்குச் சந்தேகமே இல்லாமல் சரியென்று பட்டது.

செப்டம்பர் 6

காய்ந்த பாறை. இரண்டரை மணி நேரம் ஆனது. அவள் குறித்த துளைகளில் என் பையை வாங்கி இழுத்தவர் பெரியவர். அவருடையதைத் தள்ளியது நான். ஸ்பெக் பாண்ட் கொட்டகையில் குறிப்பேட்டை எடுத்து, எதிர்த்திசையில் வரும் யாருக்கோ நானும் எழுதினேன். நடுப்பகுதியில் ஒரு பட்டை அழிந்துபோயிருக்கிறது, அங்கே வலது பக்கம் போகாதீர்கள் என்று.

செப்டம்பர் 17, கென்னபெக் ஆறு

இந்த ஆற்றை நடந்து கடக்கக் கூடாது. மேலே அணை, முன்னறிவிப்பில்லாமல் தண்ணீர் திறக்கும். 1985-ல் ஒருவர் மூழ்கி இறந்த பிறகுதான் துடுப்புப் படகு ஏற்பாடானது. படகின் அடித்தட்டில் ஒரு வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள், ஆகவே இதுவும் பாதைதான். பெரியவர் முன்னால் துடுப்புப் போட்டார். நேற்று பியர்ஸ் பாண்ட் கொட்டகையில் படித்த அவள் குறிப்பு 7-ம் தேதி எழுதியது. தூரம் ஒன்பது நாளாகிவிட்டது. எழுத்தும் மாறியிருக்கிறது, கோணலாக, அவசரமாக. களைத்திருக்கிறாள். கீழே தண்ணீர் எங்கே என்ற குறிப்பு மட்டும் விட்டுப்போகவில்லை.

செப்டம்பர் 21, மான்சன்

ஊர். சிக்னல். தோழியின் செய்தி ஆறு நாளாகக் காத்திருந்திருக்கிறது: 15-ம் தேதி கட்டாடின் உச்சியில் பெயர்ப்பலகையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம். இளைத்திருக்கிறாள். கூப்பிட்டேன். இரவுப்பணி முடித்துத் தூங்கி எழுந்த குரல். "நல்லா இருக்கேன், படிக்கட்டுதான் இறங்க முடியல" என்றாள். பெரியவரின் முழங்காலைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, அவரையே கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் பொய் சொல்லப் பார்த்தார், விடவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பலகை, பத்து நாள் சாப்பாடு இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று. நூறு மைல் காடு. இடையில் ஊரே கிடையாது. தரையெங்கும் ஓட்ஸ், நூடுல்ஸ், பாலாடைக்கட்டி பரப்பி நாள்வாரியாகப் பிரித்தோம். கனமான சமையல் எரிவாயு உருளை என் பையில், டென்ட் கம்பிகளும் என் பையில். பெரியவர் ஆட்சேபித்தார். முழங்காலைப் பற்றி இப்போதுதான் செவிலியிடம் ஒப்புக்கொண்டீர்களே என்றேன்.

காட்டுக்குள் இருக்கும் கொட்டகைகளிலும் எழுதியிருப்பதாகச் சொன்னாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டாள், போய்ப் படித்துக்கொள்ளுங்கள் என்று. அவள் வேலைக்கே திரும்பியாகிவிட்டது, அந்தப் பக்கங்கள் இன்னும் எங்களுக்கு முன்னால் இருக்கின்றன. நாளைக்கு ஐந்து மணிக்கே அவரோடு நானும் கிளம்புகிறேன்.