ஒயில் மாற்றியதும் தொடங்கிய சத்தம்

2023இல் ஒரு டொயோட்டா 110 கொரொல்லா கார் வாங்கினேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருபத்தைந்து வயதுக் காரும் நகை மாதிரி விலை போன காலம் அது. கண்டிப் பக்கத்து ஆள் ஒருவரிடம் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் பூனை மாதிரி இருந்தது. டிப் ஸ்டிக்கை இழுத்தால் தேன் நிறத்தில், தேன் போலவே கெட்டியாக ஒயில் வடிந்தது. "புது ஒயில் ஊத்தித்தான் தாறேன், சேர்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நானே ஆசையாக ஒயில் மாற்றினேன். 10டபிள்யூ-30 என்ற மெல்லிய ஒயிலை ஊற்றி, ஃபில்டரும் புதிதாகப் போட்டாயிற்று. மறுநாள் காலை ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, ஒரு இறக்கத்தில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் 'டொக் டொக் டொக்' என்று கேட்டது. பூட்டிய கதவை யாரோ உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுவது போல. அக்சிலரேட்டரை மிதித்தால் அமுங்கியது, விட்டால் மறுபடி வந்தது.

விற்றவருக்குப் போன் போட்டேன். "என்கிட்ட இருக்கிற வரைக்கும் சத்தமே இல்லையே" என்றார். அது பொய் இல்லைதான்.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். 92 ஒக்டேன் பெற்றோல் இந்த மலைக்குத் தாங்காது, 95 அடி என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பு. அப்போது பெற்றோலை அளந்து கொடுத்த கியூஆர் கோட்டாவில் கிடைத்ததை 95ஆக அடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. உண்மையில் மலைக்கும் 95க்கும் நாம் போடும் முடிச்சே தலைகீழானது. பெற்றோல் தரம் குறைந்து வரும் தட்டல், மிதித்து ஏறும்போதுதான் வரும், தகர டப்பாவில் சரளைக்கல்லைக் குலுக்கியது போல. 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஹட்டனில் காற்று மெலிந்தது. சிலிண்டருக்குள் அழுத்தமும் அதற்கேற்பக் குறையும், அந்தத் தட்டல் வருவதற்கான வாய்ப்பும் குறையும். என் கார் ஏற்றத்தில் அமைதியாக இருந்து இறக்கத்தில் தட்டியது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து ஒரு கராஜ். பொனட்டைத் திறந்ததும் "டெப்பட் லூஸ்" என்றார்கள், வால்வை அமுக்கும் பாகத்தில் இடைவெளி கூடிவிட்டதாம். அரை மணி நேரத்தில் டைட் பண்ணிவிட்டதாகச் சொல்லி 3,500 ரூபா வாங்கினார்கள். என் காரில் இருக்கும் 5ஏ-எஃப்ஈ எஞ்சினில் ஸ்பானர் போட்டுத் திருகுகிற டெப்பட்டே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒவ்வொரு வால்வின் மேலும் சின்னக் காசு போல ஒரு ஷிம் உட்கார்ந்திருக்கும். இடைவெளியை அளந்து, வேறு தடிப்பத்தில் ஷிம் தேடிப் போட வேண்டும். பதினாறு வால்வுக்கு அரை மணி நேரத்தில் அந்த வேலை முடியாது.

பெரிய முட்டாள்தனம் அடுத்த வாரம் நடந்தது. கித்துல்கலையில் ஒரு கல்யாணம். கினிகத்தேனையைத் தாண்டி வெக்கைக்குள் இறங்க இறங்கச் சத்தம் கனத்துக்கொண்டே போனது. மண்டபத்து வாசலில் ஐட்லிங்கில் நிறுத்தியபோது ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு ஒயில் விளக்கு கண் சிமிட்டியது. சோறு சாப்பிட்டுவிட்டு அதே காரில் ஹட்டனுக்கு ஏறி வந்தேன். அங்கேயே நிறுத்தி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கலாம்.

கொட்டகலையில் ஒருவர் இருக்கிறார். தோட்டத்து லொறிகளோடு முப்பது வருசம் மல்லுக்கட்டியவர். எல்லாருக்கும் அவர் 'பாஸ்'. பொனட்டைத் திறக்கும் முன் கேள்வி கேட்டார். காலையில ஸ்டார்ட் பண்ணினா வருதா, சூடானா வருதா? மிதிச்சா வருதா, விட்டா வருதா? எப்ப இருந்து? ஒயில் மாற்றியதைச் சொன்னதும் சிரித்தார்.

"வடிச்ச ஒயில் எப்படி இருந்திச்சு?"

"கெட்டியா இருந்திச்சு, பாஸ்."

"அப்ப ஒயிலைக் கெட்டியாக்குற மருந்து போட்டு வித்திருக்கான், சேர்."

கெட்டி ஒயில் தேய்ந்த இடைவெளியில் மெத்தை போல நின்று அடியை வாங்கிக்கொள்ளும். மெல்லிய ஒயில், அதுவும் சூடானால், அந்த மெத்தை போய்விடும், இரும்பு இரும்பில் அடிக்கும். காலையில் சத்தம் குறைவாகவும் கித்துல்கலையில் கூடுதலாகவும் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் ஒவ்வொரு இடமாக ஊன்றினார். என்னையும் கேட்கச் சொன்னார். மேலே வால்வு மூடியில் மெல்லிய 'டிக் டிக்'தான். கீழே, ஒயில் தங்கும் தொட்டியான சம்ப் பக்கம் வந்ததும் மண்டைக்குள்ளேயே அடித்தது. அடுத்து எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றினார். அதன் முனையை எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து ஸ்டார்ட் பண்ணினார். முதலாவதில் சத்தம் அப்படியே இருந்தது, இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதைக் கழற்றியதும் எஞ்சின் நடுங்கியது, ஆனால் தட்டல் பாதியாகக் குறைந்தது. நெருப்புப் பிடிக்காத சிலிண்டரில் பிஸ்டன் கீழே உதைக்காது, அதனால் பிஸ்டனையும் சுழலும் கிரேங் தண்டையும் இணைக்கும் ரொட்டின் பெயரிங்கில் அடி விழாது. நாலாவதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் "மூணு" என்றார்.

சைலன்சரின் முன் பைப்பையும் அடியில் போகும் நீண்ட தாங்கியையும் கழற்றினால்தான் சம்ப் இறங்கும். வெட்டிய பிளாஸ்டிக் கேனில் ஒயிலை வடித்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். சேலைக் கரை ஜரிகையைப் பொடித்துப் போட்டது போல மினுக்கியது. மூன்றாவது ரொட்டின் பெயரிங் ஓடுகள் கையில் வந்தன. கீழ் ஓடு பரவாயில்லை. வெடிப்பின் உதை முழுவதையும் வாங்கும் மேல் ஓட்டில் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. கிரேங்கில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் சிக்கியது. "சிக்காம இருந்திருந்தா பெயரிங் மட்டும் மாத்தி முடிச்சிருப்பேன்."

ரீகண்டிஷன் எஞ்சினுக்கு இரண்டரை இலட்சம் கேட்டார்கள். அதுவும் எப்படி ஓடியது என்று தெரியாத எஞ்சின். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். பாஸ் கிரேங்கைக் கழற்றி கண்டி லேத்துக்கு அனுப்பினார். 0.25 மில்லிமீற்றர் கிரைண்ட் பண்ணினார்கள். அதற்கேற்ற பெயரிங் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது, முதல் தடவை பிழையான சைஸில். ஒரு வாரம் அதிலேயே போனது. ஒயில் பம்பும் புதிது. ஒயில் ஓடும் துவாரங்களைக் கழுவிக் காற்றடித்ததில் வந்த கறுப்புச் சேற்றைப் பார்த்த பிறகு, பாதி வேலை அதுதான் என்று தோன்றியது. கூலியோடு மொத்தம் 118,000 ரூபா.

ஸ்டார்ட் பண்ணும் நாளில் பாஸ் நாலு பிளக்கையும் கழற்றி வைத்துவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரைக்கும் விட்டுவிட்டு செல்ஃப் அடித்தார். வறண்ட பெயரிங்கில் எஞ்சினை எழுப்பக்கூடாதாம். பிளக்கைப் போட்டு சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எக்ஸோஸ்ட் மேல் தகரம் மட்டும் கொஞ்சம் அதிர்ந்தது. அதற்கு ஒரு போல்ட் போட்டார், காசு எடுக்கவில்லை.

500 கிலோமீற்றரில் மறுபடி ஒயில் மாற்றினோம். அதே வெட்டிய கேன். ஒயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி சேர், போங்க" என்றார்.