சாமி மாலையில்தான் புறப்படும்

ஜூலை 10, கியோத்தோ, ஜப்பான்

கியோன் திருவிழாவுக்கு ஷிஜோ தெருவில் நகினாத்தா ஹோக்கோ தேரைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். சட்டங்களைப் பிணைக்க ஆணி கிடையாது. எல்லாம் வைக்கோல் கயிறு. ஒருவர் மூலையில் கயிற்றைச் சுற்றச் சுற்ற, மற்றவர் மரச்சுத்தியலால் தட்டி இறுக்குகிறார். கட்டு முடியும்போது வண்ணத்துப்பூச்சி வடிவம் வந்துவிடுகிறது. இந்த வகைத் தேர் சுமார் 25 மீட்டர் உயரம், எடை 12 டன் வரை. அத்தனை பாரமும் கயிற்றை நம்பித்தான்.

ஜூலை 12

வெள்ளோட்டம். இன்று யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம், நானும் பிடித்தேன். உள்ளங்கை எரிகிறது.

ஜூலை 16

மாலையில் வண்டிகள் வராமல் தெருவை அடைத்துவிட்டார்கள். விளக்குச் சரங்கள், வெண்கலத் தாளம், வியர்வை. கன்கோ ஹோக்கோ என்ற இன்னொரு தேரின் முன்திரை 16ஆம் நூற்றாண்டு பெல்ஜிய நெசவு: பைபிளின் ரெபேக்காள் தண்ணீர் வார்க்கிறாள். ஜப்பானின் ஷின்டோ சமய விழாவில் அவளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. அழகான துணி, மாட்டிவிட்டார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காததும் உண்டு. நகினாத்தா ஹோக்கோவில் பெண்கள் ஏறக் கூடாதாம். வடம் இழுக்க மட்டும் என் கை ஆகும் போலிருக்கிறது.

ஜூலை 17, மதியம்

கவராமாச்சி முனையில் வெயிலில் நின்றேன். இந்தத் தேர்களின் சக்கரம் நேராக மட்டும்தான் உருளும், பக்கவாட்டில் திரும்பாது. பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விசிறி பிடித்தவர்கள் குரல் கொடுக்க, பக்கவாட்டில் ஒரே இழுப்பு. தேர் கிறீச்சிட்டுச் சறுக்கி நின்றது. உச்சிக் கம்பம் ஆடியதைப் பார்த்து வயிறு கலங்கியது. இன்னும் இரண்டு இழுப்பில் திரும்பிவிட்டது.

ஜூலை 17, இரவு

ஊர்வலம் முடிந்த சூட்டோடு தேர்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். காரணம் இருக்கிறது. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, மாகாணத்துக்கு ஒன்றாக 66 ஈட்டிகளை நட்டு வழிபட்டதில் தொடங்கியது இவ்விழா. தெருவில் திரியும் நோய்த் தெய்வங்களைத் தேர்கள் ஈர்த்துக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. ஈர்த்ததை நிறுத்தி வைத்திருப்பார்களா?

நம் ஊரில் தேரில் சாமி வரும். இங்கே தேர், சாமிக்கு முன்னால் வீதியைச் சுத்தம் செய்கிறது. யசாகா கோயிலின் தெய்வம் சுசனோவோ, மனைவி, பிள்ளைகள் மூன்று பல்லக்குகளில் மாலையில்தான் புறப்பட்டார்கள். "ஹொய்த்தோ, ஹொய்த்தோ" என்று குலுக்கித் தூக்கியவர்களின் தோள்கள் சிவந்து தடித்திருந்தன. காலையில் இடித்துக்கொண்டு நின்ற பயணிகளில் பலர் அதற்குள் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

ஜூலை 24

விழாவின் இரண்டாம் பகுதியான பின்விழாவின் தேரோட்டம். கடைசியாக வந்தது கப்பல் வடிவ ஓஃபுனே ஹோக்கோ. 1864 தீயில் எரிந்துபோய், 2014இல்தான் மறுபடி ஊர்வலத்தில் சேர்ந்தது. போன வாரத்தைவிடக் கூட்டம் குறைவு. முதன்முறை வருபவர்களை இந்தத் தேரோட்டத்துக்கே வரச் சொல்வேன். ஷிஜோ தெருவில் தங்கியிருந்த பல்லக்குகள் இன்றிரவு கோயிலுக்குத் திரும்புகின்றன. குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.