ரோமானிய வெள்ளிக்காசு: முதலில் பெயர், அப்புறம் விலை

பழைய ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றின் படத்தைப் போட்டு "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் இருக்கும், அதுவும் தலை உள்ள பக்கம் மட்டும். இரண்டாயிரம் வருஷப் பழசு, வெள்ளி வேறு, அப்படியென்றால் பெரிய தொகை வந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். பழமைக்கென்று இந்தச் சந்தையில் தனி விலை கிடையாது. வெள்ளிக்கும் கிடையாது, மூன்று கிராம் சொச்சம் வெள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது? அது யாருடைய காசு, எந்த வகை, எந்த நிலையில் இருக்கிறது, யார் யார் கை மாறி வந்திருக்கிறது என்பதற்குத்தான் விலை. ஆகவே முதலில் அதன் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்தப் பெயரை ரோமானியர்கள் காசைச் சுற்றியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுத்துக்குப் போகும் முன் காசைத் தராசில் வையுங்கள். இரண்டு தசமம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும். ரோமானிய வெள்ளிக்காசு என்றால் பெரும்பாலும் அது டெனாரியஸ். கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த காசு அது, அப்போது எடை நாலரை கிராம். கொஞ்ச காலத்திலேயே 3.9 கிராமுக்கு இறங்கி அங்கேயே ரொம்ப நாள் நின்றது. கி.பி. 64 வாக்கில் பேரரசன் நீரோ எடையை 3.4 கிராமுக்குக் குறைத்து, வெள்ளியிலும் கொஞ்சம் கலப்பைக் கூட்டினான். அதற்கப்புறம் 194, 195 வாக்கில் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. குறுக்களவு பொதுவாக 17 முதல் 20 மில்லிமீட்டர்.

உங்கள் காசு இதைவிடப் பெரிதாக, 5 கிராம் பக்கத்தில் இருந்து, அரசன் தலையில் கதிர் கதிராகக் கூர்முனை வைத்த கிரீடமும் இருந்தால் அது டெனாரியஸ் இல்லை. 215ல் காரகல்லா கொண்டுவந்த அந்தோனினியானஸ். அரசிகளின் காசானால் கிரீடத்துக்குப் பதில் தோளுக்குக் கீழே பிறை இருக்கும். இந்த வகையில் வருஷம் கூடக்கூட வெள்ளி கரைந்துகொண்டே போகும். 260களின் கடைசியில் வந்தவை செம்பின் மேல் ஒரு வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். வெள்ளிக்காசு என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

சரி, எழுத்துக்கு வருவோம். தலையைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகள் முதலில் மிரட்டும், சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, 'யு' வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'வி' இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் பட்டங்கள். 'ஐஎம்பி' என்றால் இம்பெராட்டர் (படைத்தலைவன்), 'ஏவிஜி' என்றால் அகஸ்டஸ் (பேரரசனின் பட்டம்), 'பிஎம்' என்றால் தலைமைக் குரு, 'சிஓஎஸ்' என்றால் கான்சல் (ரோமின் உயர் ஆட்சிப் பதவி), 'பிபி' என்றால் நாட்டின் தந்தை. இவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் நிற்பதுதான் ஆளின் பெயர்.

பேரரசன் டிராஜனின் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் மாலை சூடிய தலை, நெற்றியில் நேராக வாரிவிட்ட தலைமுடி, ஒரு தடவை பார்த்தால் மறக்காத முகம். சுற்றிலும் 'ஐஎம்பி', டிராயானோ, 'ஏவிஜி', அப்புறம் 'ஜிஇஆர்', 'டிஏசி'. கடைசி இரண்டும் ஜெர்மானியரையும் டேசியரையும் (இன்றைய ருமேனியப் பகுதியினர்) வென்றவன் என்ற பட்டங்கள். டேசியப் பட்டம் அவனுக்கு 102ல் கிடைத்தது, ஆகவே காசு அதற்கு முந்தியது இல்லை. இப்போது திருப்புங்கள். பின்பக்கம் 'சிஓஎஸ்' பக்கத்தில் ஒரு 'வி', அதாவது ஐந்தாவது முறை கான்சல். அது 103 முதல் 111 வரை. நடுவே ஆயுதக் குவியல் பக்கத்தில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான் ஒரு டேசியன். தோற்ற நாட்டின் துக்கத்தை வென்றவன் காசில் பொறித்து ஊரெங்கும் அனுப்பியிருக்கிறான், ஒன்பது வருஷ இடைவெளிக்குள் அந்தக் காசு எப்போது அடித்தது என்று நாம் இன்றைக்கு உட்கார்ந்து சொல்கிறோம். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சிலரின் காசில் இன்னும் துல்லியமாக வருஷமே கிடைக்கும். 'டிஆர்பி' என்ற எழுத்துகளைத் தேடுங்கள், அது மக்கள் மன்றத் தலைவர் அதிகாரம், வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பக்கத்தில் எண் இருந்தால் எண்ணிக் கணக்கிட்டுவிடலாம். செவரஸ் அலெக்சாண்டர் 222ல் பதவிக்கு வந்தவன், அவன் காசில் டிஆர்பி ஆறு என்று இருந்தால் அது 227. டிராஜன் பெரும்பாலும் இந்த எண்ணைப் போடவில்லை, அதனால்தான் அவனுக்குக் கான்சல் எண்ணைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்தைப் படித்தும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. அந்தோனினஸ், பயஸ், ஏவிஜி மூன்றும் ஒரு காசில் இருந்தால் உடனே அந்தோனினஸ் பயஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அதே பெயரைக் காரகல்லாவும் போட்டுக்கொண்டான், எலகபாலஸும் போட்டுக்கொண்டான். அசல் அந்தோனினஸ் பயஸ் (138 முதல் 161 வரை ஆண்டவர்) காசில் வழக்கமாக ஏவிஜி முதலில், பயஸ் பின்னால். மற்ற இருவரிடமும் பயஸ் முன்னால், ஏவிஜி பின்னால். கூடவே ஜெர்மானியப் பட்டமோ பிரிட்டானியப் பட்டமோ இருந்தால் காரகல்லா. பின்பக்கத்தின் வெற்றிடத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தால் அனேகமாக எலகபாலஸ். முகமும் உதவும், பயஸ் நடுவயது தாண்டிய, தாடி அடர்ந்த, அமைதியான ஆள், மற்ற இருவரும் சின்ன வயதிலேயே அரியணை ஏறியவர்கள்.

இவ்வளவு தெரிந்துவிட்டால் எண் தேடுவது சுலபம். பேரரசுக் காலக் காசுகளுக்கு ஆர்ஐசி (ரோமன் இம்பீரியல் காயினேஜ் என்ற பட்டியல்) எண், அதற்கு முந்தைய குடியரசுக் காலக் காசுகளுக்குக் கிராஃபோர்டு என்பவர் தொகுத்த பட்டியலின் எண். இரண்டையுமே அமெரிக்க நாணயவியல் சங்கம் இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. முன்பக்க எழுத்து, பின்பக்க எழுத்து, பின்பக்கத்தில் இருப்பது யார், கையில் என்ன பிடித்திருக்கிறார்கள், இவ்வளவையும் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வகைக்குள் வந்து நிற்கும். பின்பக்க உருவத்தின் கையை நன்றாகப் பாருங்கள். தராசு பிடித்தால் பெரும்பாலும் நியாய தேவதை, நங்கூரமோ சுக்கானோ பிடித்தால் வேறு யாரோ. எண் மாறுவது அந்தக் கையில்தான்.

இனி அசலா போலியா. வார்ப்புப் போலியை விளிம்பில் பாருங்கள், சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடினாலோ, அராவி மறைத்த தடம் இருந்தாலோ சந்தேகப்படலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகளும், எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பாக உருண்டிருப்பதும் தெரியும். அச்சில் அடித்த காசில் உலோகம் எழுத்துக்குள் பாய்ந்த தடம் இருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும். இரண்டு வேறு காசுகள் ஒரே வடிவ விளிம்போடு, ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இருந்தால் குறைந்தது ஒன்று போலி, இதில் வாதமே வேண்டாம்.

அச்சு வெட்டி அடித்த போலிதான் கஷ்டம். 1772ல் பிறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் அச்சுகளைக் கையாலேயே வெட்டி, சில சமயம் தேய்ந்த பழைய காசின் மேலேயே அடித்தார். புதுக்காசுகளை இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் போட்டுத் தன் குதிரை வண்டியின் அடியில் கட்டி ஓட்டித் தேய்த்தார் என்பார்கள். அப்படிப்பட்டவற்றைப் படம் பார்த்துச் சொல்லிவிட முடியாது, தெரிந்தவர் கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ரோமானியர் காலத்துப் போலிகளும் உண்டு, செம்பு உருண்டைக்கு வெள்ளித்தகடு போர்த்தி அடித்தவை. காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், செம்பும் ஒட்டாது வெள்ளியும் ஒட்டாது. தண்ணீர்ச் சோதனைதான் பயன்படும். தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள், காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 3.40 கிராம் காசு 0.33 காட்டினால், 3.40ஐ அதால் வகுக்க அடர்த்தி 10.3, நல்ல வெள்ளி. 0.38 காட்டினால் 9க்கும் கீழே, உள்ளே செம்பு. செப்டிமியஸ் செவரஸ் வெள்ளியைக் குறைத்ததற்குப் பிந்தைய காசுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றில் பாதி செம்புதான். தகடு போர்த்திய அந்தக்காலப் போலியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், விலை மட்டும் அசலில் ஒரு சின்னப் பங்கு.

விலையில் ஆட்களுக்குப் புரியாமல் போவது, அபூர்வமும் விலையும் ஒன்றாகப் போவதில்லை என்பது. ஹேட்ரியன் காசில் பின்பக்கம் ஒரு எழுத்து மாறிய அபூர்வ வகை கிடைத்தாலும் சாதாரண ஹேட்ரியன் விலையைத் தாண்டாது, அதைத் தேடுகிறவர்கள் ஐந்தாறு பேர்கூட இருக்கமாட்டார்கள். அதற்கு நேர்மாறு டைபீரியஸ். 14 முதல் 37 வரை ஆண்டான், லியோன் நகரத்து அச்சகத்தில் கிட்டத்தட்ட ஒரே சித்திரத்தை அடித்துத் தள்ளினார்கள், முன்பக்கம் அவன் தலை, பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிப் புதையல்களில்கூட அதிகம் வருவது இதுவும் முதல் பேரரசன் அகஸ்டஸின் ஒரு வகையும்தான். இத்தனை கிடைத்தும் விலை டிராஜன் காசைவிடக் கூடுதல். 'சீசருக்குரியதைச் சீசருக்கு' என்று இயேசு கையில் எடுத்துக் காட்டச் சொன்ன காசு இதுதான் என்று பலர் நம்புகிறார்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது.

சுமாராகச் சொன்னால், எழுத்தும் முகமும் நன்றாகத் தெரிகிற செவரஸ் அலெக்சாண்டரோ அரசி ஜூலியா டோம்னாவோ 50 முதல் 100 டாலருக்குள் கிடைக்கும். 1929ல் பல்கேரியாவின் ரேகா டெவ்னியாவில் கிடைத்த ஒரே புதையலில் பட்டியலிட்டவை மட்டும் 80,000க்கு மேல், பெரும்பாலும் டெனாரியஸ், இப்படிப்பட்ட புதையல்கள் இருக்கும்போது அந்தக் காலக் காசு மலிவாகத்தான் இருக்கும். டிராஜன், ஹேட்ரியன் நல்ல நிலையில் 100 முதல் 250 வரை. டைபீரியஸ் 300க்கு மேல். 69ல் மூன்று மாதம் மட்டும் ஆண்ட ஓதோ என்றால் சுமாரான காசுக்கே பல நூறு. அலை அலையாக அடுக்கிய முடியோடு ஓதோவின் தலை தெரிந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

இந்தத் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் நிலை. தேய்மானத்தை மட்டும் நிலை என்று நினைக்கிறார்கள். காசின் நடுவில் அச்சு விழுந்திருக்கிறதா, பெயர் விளிம்புக்கு வெளியே போய்விட்டதா, பரப்பு வழவழப்பா குழி விழுந்ததா, முகத்தை வெட்டிய கை நல்ல கையா, இத்தனையும் சேரும். தேயாத காசு ஒன்று குழிவிழுந்த பரப்போடு இருந்தால், கொஞ்சம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும் காசைத்தான் நான் எடுப்பேன். ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி தன் படைகளுக்காக கி.மு. 32, 31ல் அடித்த கப்பல் காசுகள் இருநூறு வருஷத்துக்கு மேல் புழங்கின, அவை தேய்ந்திருப்பது இயல்பு, அங்கே படை எண் படிக்க முடிகிறதா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

தயவுசெய்து எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். வெள்ளிமேல் பல காலமாக ஏறிய சாம்பல் கலந்த கருமையைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பற்பசையும் பேக்கிங் சோடாவும் ஒரு நிமிஷத்தில் அதை அழித்து, மேலே நுண்ணிய கீறல்களையும் போட்டுவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி சில சமயம் உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் பதத்தில் இருக்கும், கீழே விழுந்தால் இரண்டாகிவிடும், மேசைமேல் மெத்தென்ற துணி விரித்துத்தான் பாருங்கள்.

விலை தேடும்போது விற்பனைத் தளத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதே வகை ஏலத்தில் உண்மையில் போன விலையைப் பாருங்கள். முடிந்த ஏலங்களின் பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. நான்கைந்து விற்பனையை, உங்கள் காசின் நிலைக்கு ஒத்தவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் வரம்பு தெரிந்துவிடும். ஏல வீட்டின் கழிவு போக, வியாபாரியின் லாபம் போக உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

கடைசியாக, எங்கிருந்து வந்தது என்பது. ஜூலியஸ் சீசரைக் கொன்ற ப்ரூட்டஸ், இரண்டு கத்திக்கு நடுவே ஒரு தொப்பி பொறித்து அடித்த காசின் தங்க வடிவம் ஒன்று 2020ல் லண்டனில் ஏலம் போனது, 30 லட்சம் பவுண்டுக்கு மேல். அதன் பழைய உரிமை வரலாறு பொய் என்று தெரியவந்து 2023ல் நியூயார்க் அதிகாரிகள் அதைக் கிரேக்க நாட்டிடம் ஒப்படைத்தார்கள். ஐம்பது டாலர் காசுக்கும் இதே கேள்வி வரும், ஏனென்றால் பல நாடுகளில் பழங்காசை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப் போகவோ, புதிதாகக் கிடைத்ததை வைத்துக்கொள்ளவோ தனிச் சட்டம் இருக்கிறது, கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970ன் யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கு முன்பே சேகரிப்பில் இருந்தது என்று காட்ட முடிகிற காசைத் துணிந்து வாங்குவார்கள், அதிகம் கொடுத்தும் வாங்குவார்கள். உங்களுக்கு வந்த காசோடு பழைய காகித உறையோ, யாரோ மையில் எழுதிய சின்னச் சீட்டோ, வாங்கிய ரசீதோ இருந்தால் அதை அழுக்கு என்று எறிந்துவிடாதீர்கள், காசும் சீட்டும் சேர்ந்தே இருக்கட்டும், படம் எடுக்கும்போது இரண்டு பக்கத்தோடும் விளிம்போடும் அந்தச் சீட்டையும் எடுங்கள்.