முதல் மைக் கண்டென்சராக வேண்டாம்

பெங்களூரில் அல்சூரிலோ முருகேஷ்பாளையத்திலோ வாடகை வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் ஆட்டோ ஹார்ன், பக்கத்து வீட்டு குக்கர் விசில், தண்ணீர் மோட்டார். இந்த அறையில் பாட்டுப் பதிவு செய்ய நினைக்கும் பலர் முதலில் வாங்குவது கண்டென்சர் மைக், அதாவது ஸ்டுடியோக்களில் வைக்கும், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் வகை. குக்கர் விசிலும் சேர்ந்து அழகாகப் பதிவாகும்.

மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக் இரைச்சலை வடிகட்டும் என்று கடையில் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. ஒரே தூரத்தில் வைத்தால் அதுவும் அதே ஹார்னைப் பிடிக்கும். ஆனால் அதை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துத் தாராளமாகப் பாடலாம். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் ஏறும். தெருச் சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். 40 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபல் லாபம். அவ்வளவு கிட்டே பாடினால் குரலில் கனம் கூடும். மென்பொருளில் 80-100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

1966 முதல் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக்கான ஷூர் எஸ்எம்58 போதும். ஆனால் டைனமிக் மைக் தரும் சிக்னல் சன்னமானது, கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, நிறைய கேட்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ், பெருக்குவது அதன் வேலை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் கெயின் வீச்சு 56 டெசிபல், நான்காம் தலைமுறையில் 69. மெல்லப் பாடுகிறவர்களுக்கு அந்த 13 டெசிபல் பெரிய விஷயம். பழையது வாங்குமுன் இதைப் பாருங்கள். பாடும்போது மென்பொருளின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும், 24 பிட்டில் பதியுங்கள்.

அடுத்து கேபிள். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கரோக்கே மைக் கேபிள் என்று கொடுப்பதில் ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள மைக் பின்), மறுமுனை கிட்டார் பின். பல இன்டர்ஃபேஸ்களில் மைக் சாக்கெட்டின் நடு ஓட்டையில் அந்தக் கிட்டார் பின்னும் கச்சிதமாக நுழையும். ஆனால் அந்த வழியில் மைக்கின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் மைக் ப்ரீஆம்ப் கிடையாது. கெயினை முழுக்கத் திருகினாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். மைக் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கவும். இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் என்று கேட்டு வாங்குங்கள்.

மிருதங்கம் பதிய வேண்டுமென்றால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, ஆக இரண்டு மைக், இரண்டு இன்புட். இரண்டு யுஎஸ்பி மைக்கை ஒரே கணினியில் செருகிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் ஓடும். பாட்டு நீள நீள இரண்டும் விலகும்.

ஹெட்ஃபோன் காதை மூடுகிற வகை, ஒயர் உள்ளது. சுருதிப்பெட்டி அதில் மட்டும் ஒலித்தால் போதும். ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் பின்தங்கும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி மென்பொருள்) போட்டு, ஒலியைச் சேர்த்து அனுப்பும் இடமான பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். லேப்டாப் திணறி 'பட் பட்' என்றால் 256.

எல்லோரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுகிறார்கள். எஸ்எம்58 போன்ற, முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம், அதனால் நீங்கள் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். மைக்கின் முதுகு தெருவுக்கு. உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்புவதுதான் மைக்கின் முகத்தில் நேராக விழும். ஒரு பஞ்சு ரஜாயையோ, துணி நிறைந்த பீரோவைத் திறந்தோ அங்கே வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 'ங்ஙுங்' என்று ஒரு ரீங்காரம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டதா? பேட்டரியிலேயே பதியுங்கள், வீட்டின் எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.