எந்தத் தாள், மலையின் எந்தப் பக்கம்? மூணாறு நாட்குறிப்பு

2024 அக்டோபர் 13, ஞாயிறு

ஐஐடி, என்ஐடி கனவோடு பிளஸ் டூ படிக்கும், கேரளத்து மூணாறின் தமிழ்த் தேயிலை எஸ்டேட் பிள்ளைகளுக்கு இந்த மாத வேலை, பெயர் சரிபார்ப்பது. லயத்து வீடுகளில் (கம்பெனி கட்டித் தந்த வரிசை வீடுகள்) ஒரே அப்பாவுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். ஆதாரில் பழனிச்சாமிக்கு ‘எல்’ போட்டிருக்கும். இங்கே அடித்த ரேஷன் கார்டில் மலையாள வழக்கப்படி ‘இசட் எச்’. எஸ்டேட் பே சிலிப்பில் வெறும் பழனி. பிள்ளையின் இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால்.

பிள்ளையின் பெயருக்குப் பத்தாம் வகுப்புச் சான்றே அடிப்படை. அதன்படி ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான், ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அப்பா பெயரில் வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று வில்லேஜ் ஆபீசரிடம் சான்று கிடைக்கும். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் விண்ணப்பிக்கலாம்.

2024 நவம்பர் 3, ஞாயிறு

என்ஐடிக்கான நுழைவுத் தேர்வு, ஐஐடிக்கு முதல் படி: அந்த ஜேஇஇ மெயின் படிவம் திறந்திருக்கிறது. கட்டணம் பொதுப் பிரிவில் ஆணுக்கு 1000, பெண்ணுக்கு 800. எஸ்சி, எஸ்டிக்கு 500.

தமிழ் மீடியம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது தேர்வு ஊர். தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில் மட்டும். எர்ணாகுளமோ கோட்டயமோ பக்கம் என்று போட்டால் தமிழ் கிடைக்காது. மதுரை போடுங்கள். ஊர்ப் பட்டியல் முகவரியைப் பார்த்தே வருவதால், தமிழ்நாட்டில் உண்மையான வீட்டு முகவரி இருப்பவர்கள் நிரந்தர முகவரியாக அதைக் கொடுக்க வேண்டும். காலை ஷிப்ட் 9 மணிக்கு, கேட் 8.30க்கு மூடிவிடும். மாநில எல்லையான போடிமெட்டு இறங்கி அன்று காலையே போய்ச் சேர முடியாது. முதல் நாளே மதுரையில் தங்குங்கள்.

அதே படிவத்தில் பிளஸ் டூ எந்த மாநிலம் என்ற கேள்வி வரும். என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. சொந்த மாநிலம் என்பது பூர்வீகத்தைப் பொறுத்தது இல்லை, பிளஸ் டூ முடிக்கும் மாநிலம்தான் கணக்கு. இங்கே முடித்தால் கோழிக்கோடு என்ஐடி, தமிழ்நாட்டுப் பக்கம் போடியில் முடித்தால் திருச்சி என்ஐடி. ஐஐடிக்கு இந்தக் கணக்கே கிடையாது. பக்கத்துப் பாலக்காட்டு ஐஐடியும் அப்படித்தான்.

2024 நவம்பர் 7

பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு நேற்று மத்திய அமைச்சரவை ஒப்புதல். தரவரிசையில் முன்னிற்கும் 860 நிறுவனங்களில் சேர்ந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. எஸ்டேட் வீட்டில் அடமானம் வைக்க என்ன இருக்கிறது? லயம் கம்பெனியுடையது. அதனால்தான் இது பெரிய செய்தி.

2024 டிசம்பர் 15

எஸ்சி சான்று. இங்கே அதிகம் கண்ணீர் வரவழைப்பது இதுதான். எஸ்சி சாதிகளைப் பட்டியலிட்ட 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் தேதிக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா திருநெல்வேலியிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் வந்ததற்கு யாரிடம் தாள் இருக்கும்? “கேரளத்தில் கிடைக்கவில்லை, இனி பொதுப் பிரிவுதான்” என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். குடிபெயர்ந்தவருக்குப் பூர்வீக மாநிலத்து எஸ்சி தகுதி போய்விடுவதில்லை. கேரள அரசின் இடஒதுக்கீட்டுக்கு உதவாவிட்டாலும் மத்திய நிறுவனங்களுக்கு அது செல்லும். அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்று கையில் இருந்தால், அதை வைத்துப் பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே தரலாம். மத்திய அரசுப் படிவத்தில் அதற்கென்றே தனிப் பத்தி உண்டு. அச்சடித்து எடுத்துப் போய் அந்தப் பத்தியைக் காட்டிக் கேளுங்கள். அப்பாவிடமும் இல்லையென்றால் பூர்வீகத் தாலுகாவில் அவருக்கு முதலில் வாங்க வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும், டிசம்பருக்குள் தொடங்கிவிடுங்கள்.

2025 பிப்ரவரி 9

மெயின் தமிழில் இருக்கிறது, அடுத்து ஐஐடிக்கு எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தமிழில் இல்லை. ஆங்கிலமும் இந்தியும் மட்டும். மெயினிலும் தமிழ் வரியில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவு. ஆகவே முடுக்கம் என்று எழுதும் நோட்டில் பக்கத்திலேயே ஆக்ஸிலரேஷன், திருப்புவிசைக்கு டார்க், தொகையிடலுக்கு இன்டகிரேஷன் என்று எழுதிப் பழக வேண்டும். கணக்குத் தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் விடுவது பெரிய அநியாயம்.

2025 ஏப்ரல் 2

ஓபிசி பிள்ளைகளுக்கு இன்றைய வேலை. ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கிய கிரீமி லேயர் (வசதி படைத்தோர்) அல்லாதோர் சான்றுதான் செல்லும்; போன வருடத்துத் தாள் செல்லாது. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சாதிச் சான்றும் போதாது. இ-சேவையில் மத்திய அரசுப் படிவ ஓபிசி என்று தனியாகக் கேட்க வேண்டும். கேரளப் பக்கம் மத்திய அரசுத் தேவைக்கு என்று குறிப்பிட்டுத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். மாநிலத் தேவைக்கு வில்லேஜ் ஆபீசர் தருவது வேறு. இந்தச் சான்றுக்கான 8 லட்சம் வருமான வரம்பைப் பார்க்கும்போது சம்பளமும் விவசாய வருமானமும் சேராது.

2025 மே 25

ஆறாம் வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் தமிழ்நாட்டின் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பிளஸ் டூ வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. அப்படிப் படித்து ஐஐடியில் இடம் பிடித்தால் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2022இல் அறிவித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை இங்கே படிக்க வைத்துவிட்டு ஒன்பதில் போடி ஹாஸ்டலுக்கு அனுப்பினால் அது கிடைக்காது. அனுப்புவதென்றால் ஆறிலேயே அனுப்புங்கள்.

2025 ஜூன் 8, ஞாயிறு

ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கூட்டுக் கலந்தாய்வு நடக்கிறது. விருப்பப் பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், கூடுதல் காசு இல்லை. கிடைக்குமா என்று யோசித்து வரிசை போடாதீர்கள், பிடித்த வரிசையில் போடுங்கள். இடம் வந்தபின் ஃப்ளோட் கொடுத்தால் மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், கையிலுள்ளது போகாது. ஃபிரீஸ் கொடுத்தால் அத்தோடு சரி.

கட்டணத்தைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஐஐடி டியூஷன் வருடத்துக்கு 2 லட்சம். எஸ்சி, எஸ்டிக்கு முழுதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுதும், 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இருவர் கொழுந்து பறிக்கும் வீடு இரண்டாவதில் வரும்: கட்டுவது ஏறக்குறைய 66,667. ஹாஸ்டல், மெஸ் தனி. வருமானச் சான்று இல்லாவிட்டால் முழுத் தொகைக்கும் சலான் வந்துவிடும்.

இடம் கிடைத்ததும் கட்ட வேண்டிய தொகை பல்லாயிரம், அவகாசமோ சில நாள். அப்பா கணக்கின் தினசரி அனுப்பும் வரம்பை இப்போதே வங்கியில் உயர்த்திவையுங்கள். பணம் கட்டிய பிறகும் தினம் இரண்டு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். சான்றில் குறை என்று கேள்வி வந்திருக்கும், கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் சீட் ரத்து. ஜூன் மழையில் எஸ்டேட்டில் கரண்டும் டவரும் சேர்ந்து போகும். கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் நாளே டவுனுக்கு இறங்கிவந்து முடித்துவிடுங்கள்.