ஊதாக் குழாய்த் தண்ணீரும் ஓர் அக்டோபர்த் தீயும்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்த வாரத்தில் உறவினர், நண்பர் வட்டாரத்தில் எனக்குத் திடீர் மவுசு வந்துவிட்டது. தெற்குக் கலிபோர்னியாவில், மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறுநகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். சாதாரண நாள்களில் என் வேலையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. சாப்பிடும்போது விசாரிக்கக்கூடிய வேலையும் அல்ல. அந்த வாரம் மட்டும் ஆளாளுக்குக் கேட்டார்கள். தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வரவில்லையாமே, உங்களிடம் சும்மா கிடக்கும் கழிவுநீரை எடுத்து ஊற்றினால் என்ன?

ஊற்றலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மலைச்சரிவில் தீப்பிடித்தபோது ஊற்றியும் இருக்கிறோம். அந்தத் "சும்மா கிடக்கும்" என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது.

முதலில் சட்டம். கலிபோர்னியாவின் விதித்தொகுப்பில் 22ஆம் தலைப்பு என்றொரு பகுதி உண்டு. எந்தத் தரத்து மறுசுழற்சி நீரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அதில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். புதரிலும் புல்லிலும் பிடித்த தீயை அணைக்க, நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைத்து, தெளியவைத்து, கிருமிநீக்கம் செய்த இரண்டாம் நிலை நீரே போதும். கட்டடத்தில் பிடித்த தீ என்றால் மூன்றாம் நிலை வேண்டும்: வடிகட்டி, குளோரினோடு குறைந்தது 90 நிமிடம் நிறுத்தி வைத்து, 100 மில்லிலிட்டரில் கோலிபார்ம் என்ற பாக்டீரியா வகையின் எண்ணிக்கையில் ஏழு நாள் இடைநிலை அளவு 2.2ஐத் தாண்டாத நீர். எங்கள் நிலையத்திலிருந்து வெளியே போவதெல்லாம் இந்தத் தரம்தான். ஊதா நிறக் குழாய்களில், குடிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு, பூங்காக்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் போகிறது.

ஆகவே அந்த அக்டோபர் மாதம், சான்டா அனா காற்று பாலைவனப் பக்கமிருந்து அனலாக இறங்கிக்கொண்டிருந்த பிற்பகலில், தீயணைப்புத் துறையின் கேப்டன் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது தரத்தைப் பற்றிய பதில் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அவர் கேட்டதும் அதைத்தான்: "இது என் ஆட்கள் முகத்தில் தெறித்தால் என்ன ஆகும்?" மக்கள் இறங்கி நீந்தும் ஏரியை இந்தத் தரத்து நீரால் நிரப்ப விதி அனுமதிக்கிறது என்றேன். ஆய்வக முடிவுகளை அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். "மாட்டுப் பண்ணைக் குட்டையிலிருந்தெல்லாம் உறிஞ்சி அடித்திருக்கிறோம். அப்போது ஒரு மாடும் சான்றிதழ் நீட்டியதில்லை" என்றார்.

மேலதிகாரிகளும் மாநில அலுவலகமும் அன்று கேட்டவை ஏறக்குறைய இதே கேள்விகள். சுத்தமா, பாதுகாப்பா, ஓடைக்குள் வழிந்தால் குளோரின் மீனைக் கொல்லாதா? எங்கள் உரிமத்தில் எந்தெந்த நிலங்களுக்கு நீர் தரலாம் என்ற பட்டியல் இருக்கிறது. எரிகிற மலை அதில் இல்லை. அவசரம் என்பதால் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கி, எழுத்தைப் பிறகு பார்த்துக்கொண்டோம். இந்தப் பகுதி நான் பயந்த அளவுக்கு இழுக்கவில்லை.

இழுத்தது வேறு. எங்கள் ஊதாக் குழாய் வலை புல்வெளிகளுக்காகக் கட்டப்பட்டது. மக்கள் நடமாட்டம் ஓய்ந்த பிறகே தெளிக்க வேண்டும் என்பதால் இரவு ஒன்பது மணிவாக்கில் நகரெங்கும் தெளிப்பான்கள் தாமாகத் திறந்துகொள்ளும், விடியும்வரை ஓடும். பம்புகளின் அளவும் குழாய்களின் விட்டமும் அந்தக் கணக்கில் வந்தவை. தீ இறங்கி வந்ததோ மாலையில். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரின் அத்தனை புல்லும் ஒரே நேரத்தில் குடிக்கத் தொடங்கிவிடும். தீயணைப்பு வண்டிக்கு மிஞ்சப்போவது சொட்டுத்தான்.

இங்கிருந்தபடியே தெளிப்பான்களை நிறுத்த எங்களிடம் பொத்தான் இல்லை. அவை வாடிக்கையாளரின் சொத்து. ஒவ்வொருவராக அழைத்தோம். பூங்காத் துறை உடனே நிறுத்தியது. ஒரு பள்ளியில் தோட்டக்காரர் வீட்டைவிட்டு வெளியேறும் பரபரப்பில், கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவி எந்த மேசையில் இருக்கிறது என்று காரிலிருந்தபடி சொன்னார். குடியிருப்போர் சங்கம் ஒன்று மறுத்துவிட்டது. தங்கள் வேலியோரச் செடிகள் ஈரமாக இருப்பதுதான் தங்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனாலும் எங்கள் ஆள் ஒருவர் தெருமுனைக்குப் போய் அவர்களுடைய வால்வை மூடிவிட்டார். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்; அந்தச் சங்கத்தின் கடிதங்கள் அதை ஏற்கவில்லை.

அடுத்து வந்தது, பாடப்புத்தகத்தில் நான் படித்திராத ஒன்று. மலையடிவார வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் எங்கள் நிலையத்துக்குள் வரும் கழிவுநீரின் அளவு இறங்கத் தொடங்கியது. வழக்கமாக இரவு உணவு முடிந்து பாத்திரம் துலக்கி, குளித்து, துணி துவைக்கும் நேரம். கோடு மேலே ஏற வேண்டும். அன்று விழுந்தது. யோசித்தால் சிறுபிள்ளைக்கும் புரியும் விஷயம்: ஊரில் ஆளில்லை என்றால் கழிவுநீர் இல்லை, கழிவுநீர் இல்லை என்றால் நாங்கள் தயாரிக்கும் நீரும் இல்லை. தீ நெருங்க நெருங்க வரத்துக் குறையும் ஓர் ஊற்றை நம்பித்தான் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

மிச்சம் இருந்தது குளங்களில் உள்ள இருப்பு. அக்டோபரில் அதுவும் அடிமட்டத்தில் இருக்கும். குளிர்காலத்தில் புல்லுக்கு நீர் வேண்டாம், குளம் நிரம்பும். கோடை முழுக்க இறைத்து, மழைக்கு முந்தைய வாரங்களில் சேறு தெரியும். சான்டா அனா காற்று வீசத் தொடங்குவதும் அந்த நாள்களில்தான். புல்லுக்கு வகுத்த நாள்காட்டியும் தீயின் நாள்காட்டியும் இப்படி நேரெதிராக அமைந்திருப்பதை அன்றுவரை எங்கள் கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் குளங்களிடம் குடிநீர்த் தேக்கங்களிடம் இல்லாத ஒரு வசதி இருந்தது. அவை திறந்து கிடந்தன. சுத்திகரித்த குடிநீரைத் திறந்தவெளியில் தேக்கக்கூடாது, தேக்கினால் மறுபடி சுத்திகரிக்க வேண்டும் என்று 2006இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதனால் பல தேக்கங்களுக்கு மூடி போட்டார்கள். 2015இல் லாஸ் ஏஞ்சலஸ் தேக்கத்தின் மேல் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டதும் குடிநீரைக் காக்க எடுத்த நடவடிக்கைதான். நல்ல விதிதான். ஆனால் மூடிய தேக்கத்தில் ஹெலிகாப்டர் குழாயை இறக்க முடியாது. பாலிசேட்ஸ் மலையில் இருந்த சான்டா யினேஸ் தேக்கம் தீயின்போது காலியாக இருந்ததற்கும் மிதக்கும் மூடி கிழிந்து, 2024 முதல் பழுதுபார்ப்புக்குக் காத்திருந்ததே காரணம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 44 கோடி லிட்டர்.

எங்கள் குளங்களில் ஒன்றின் குறுக்கே மின்கம்பி போகிறது. விமானிகள் அதைத் தொடவே இல்லை. இன்னொன்று கிடைத்தது. ஃபயர்ஹாக் வகை ஹெலிகாப்டர் ஏறத்தாழ 3,800 லிட்டரை ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டு எழுந்துவிடும். எங்கள் நிலையம் நாள் முழுக்க வடிகட்டிக் குளோரினேற்றிச் சேர்த்ததை அது எடுத்துக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. நுரைக்கலவையைக் குளத்துக்கு மேலே திறந்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். காற்று மேலும் முறுகியதும் ஹெலிகாப்டர்கள் தரையிறங்கிவிட்டன. அதன் பிறகு வண்டிகள்தாம்.

வண்டிகளுக்கு நிரப்புமிடம் அமைத்ததுதான் அன்று நாங்கள் உருப்படியாகச் செய்தது என்பேன். தீயணைப்பு வண்டி எங்கள் ஊதாக் குழாயில் நிரப்பிக்கொண்டு, அடுத்த தெருவில் குடிநீர்க் குழாயோடு இணைந்தால், அழுத்தம் மாறும் ஒரு கணத்தில் தொட்டியில் உள்ளது குடிநீர் வலைக்குள் பின்னோக்கிப் போய்விடலாம். எங்கள் தொழிலில் தூக்கத்தைக் கெடுக்கும் பயம் இது. எனவே எங்கள் நீரை ஏற்றிய வண்டி அன்று குடிநீர்க் குழாயைத் தொடக்கூடாது என்று கேப்டனோடு முடிவுசெய்தோம். நிரப்புமிடத்தில் ஓர் ஆள், கையில் தாள். வண்டி எண் எழுதப்படும், கைப்பிடியில் ஊதா நாடா கட்டப்படும். தீ முடிந்ததும் நாடா கட்டிய வண்டிகளின் தொட்டிகளைக் குளோரின் விட்டுக் கழுவிய பிறகே நாடாவை அவிழ்ப்பது. எங்கள் குழாய் வாயும் அவர்கள் ஹோஸின் மரையும் பொருந்தவில்லை. வேறு ஊர்களிலிருந்து உதவிக்கு வந்த வண்டிகளுக்கு ஆளுக்கொரு மரை. பட்டறையில் கிடந்த இணைப்பான்களை எல்லாம் ஒரு பெட்டியில் அள்ளிப்போட்டு எடுத்துவந்த பொறுப்பாளருக்கு அன்றிரவு எல்லாரையும்விட அதிக மரியாதை.

நடுவில் மின்சாரம் போனது. கம்பி அறுந்து புதிய தீ கிளம்பக்கூடாது என்று மின் நிறுவனங்களே காற்று நாள்களில் இணைப்பைத் துண்டிப்பது இங்கே வழக்கம். டீசல் ஜெனரேட்டர் ஓடியது. ஓடுவதற்குத்தான் அது இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? எங்கள் நீர்தான் தீயை அணைத்தது என்று நான் சொல்லமாட்டேன். காற்று நின்றதால் தீ நின்றது. நகரக் குழாய் வலை ஓரிரு வீடுகளின் தீயை அணைக்கும் கணக்கில் கட்டப்படுவது. மலை முழுதும் எரியும்போது அது போதாது. பாலிசேட்ஸில் தலா 38 லட்சம் லிட்டர் பிடிக்கும் மூன்று தொட்டிகள் இருந்தன. ஜனவரி 7 மாலை 4.45க்கு முதலாவதும், இரவு 8.30க்கு இரண்டாவதும், மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு மூன்றாவதும் வற்றின. வழக்கத்தைப் போல நான்கு மடங்குத் தேவை 15 மணி நேரம் நீடித்தது என்று லாஸ் ஏஞ்சலஸ் நீர்-மின் துறையின் அப்போதைய தலைவர் ஜனிஸ் கினோனெஸ் சொன்னார். எங்களைப் போன்ற ஒரு சிறு நிலையம் அங்கே பக்கத்தில் இருந்திருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

கிடைத்த பலன் வேறிடத்தில் இருக்கிறது. ஊதாக் குழாயில் நிரம்பும் ஒவ்வொரு வண்டியும் குடிநீர் வலையில் அவ்வளவு அழுத்தத்தை விட்டுவைக்கிறது. 2017 அக்டோபரில் டப்ஸ் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ வடக்குக் கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகருக்குள் நுழைந்தபோது ஃபவுன்டன்குரோவ் பகுதியில் குடிநீர் அழுத்தம் விழுந்தது. பிறகு அங்குள்ள குழாய் நீரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு பாரடைஸ் நகரிலும் அதே கதை. அழுத்தம் இழந்த குழாய், எரியும் பிளாஸ்டிக்கின் நச்சையும் புகையையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. அதை வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகிறது. பாலிசேட்ஸிலும் குழாய் நீரைக் குடிக்கவேண்டாம் என்ற அறிவிப்பு மார்ச் வரை நீடித்தது. மறுசுழற்சி நீர் தீக்கு எதிராகச் செய்யக்கூடிய பெரிய உதவி, குடிநீரைத் தீயிடமிருந்து கொஞ்சம் விலக்கி வைப்பதுதான் என்பது என் கணிப்பு. செய்தியில் காட்ட ஏற்ற காட்சி அல்ல.

தீ முடிந்த வாரத்தில் ஒரு மூதாட்டி அலுவலகத்துக்கு வந்தார். அவர் வீட்டுப் பின்வேலியை எங்கள் நீரால் நனைத்திருக்கிறார்கள்; தோட்டத்துக் கேரட்டைச் சாப்பிடலாமா என்று கேட்டார். பச்சையாகத் தின்னும் கிழங்கு வகைகளுக்குக்கூட இந்த நீரைப் பாய்ச்ச 22ஆம் தலைப்பு அனுமதிக்கிறது என்றேன். சாம்பல் படிந்திருக்கும், நன்றாகக் கழுவுங்கள் என்றும் சேர்த்தேன். அவர் சாம்பலைப் பற்றிக் கவலைப்படவில்லை. கழிவுநீரைப் பற்றித்தான் இன்னும் இரண்டு முறை கேட்டார்.

அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. பெரிய வாடிக்கையாளர்களின் தெளிப்பான்களை எங்கள் அறையிலிருந்தே நிறுத்த ஒப்பந்தம் போட்டோம். இணைப்பான் பெட்டிக்கு நிரந்தர இடம் ஒதுக்கியாயிற்று. மின்கம்பியை இடம்மாற்ற மின் நிறுவனத்திடம் விண்ணப்பம் போயிருக்கிறது. முக்கியமான ஒன்றுதான் முடியவில்லை: முதல் மழை வரும்வரை பெரிய குளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அப்படிச் செய்தால் செப்டம்பரில் தங்கள் புல் காய்ந்துவிடும் என்கிறது கோல்ஃப் மைதானம். அவர்கள் பணம் கட்டி வாங்கும் நீர், சும்மா கிடக்கும் நீர் அல்ல. ஈட்டுத்தொகை தரலாம் என்கிறது பொறியியல் பிரிவு, எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்கிறது நிதிப்பிரிவு. அடுத்த நகரமன்றக் கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள்.